ஜீவனாம்சத் தொகையிலிருந்து தொடங்குங்கள்: ஷா பானு வழக்கை வாசிப்பது எப்படி

ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்கும் பருவம் வந்தால், யாராவது ஒரு மாணவி 'மதச்சார்பின்மை, இஸ்லாம், பாலினச் சமத்துவம்' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். மூன்றும் பெரிய சொற்கள். ஒரு பெண்ணைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் அவற்றை வைத்தே நூறு பக்கம் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். நெல்லைப் பக்கம் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: தலைப்பு அப்படி ஓரமாக இருக்கட்டும், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்குக் கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஷா பானு தீர்ப்பை எடுத்து வா, அதில் எத்தனை ரூபாய் என்று முதலில் எழுது.

முகம் சுளிப்பார்கள். மதச்சார்பின்மையைப் பற்றிக் கேட்டால் இந்த மேடம் வரவு செலவு பார்க்கச் சொல்கிறாரே என்று. ஆனால் இந்தியாவில் இந்த மூன்று சொற்களும் மோதிக்கொண்ட பெரிய வழக்குகளில் பெரும்பாலானவை ஜீவனாம்ச வழக்குகள்தான். பணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மதமும் அரசும் தானாக வந்து சேரும். மதத்திலிருந்து தொடங்கினால் பணம் கடைசிவரை வராது. இதை எழுதுவது மாணவர்களுக்காக மட்டும் இல்லை. பொது சிவில் சட்டம் என்று தொலைக்காட்சியில் யாராவது கத்தும்போது, உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நினைக்கிற யாருக்கும் இந்த முறை உதவும்.

முதலில் தீர்ப்பையே எடுங்கள். கட்டுரைகள் அப்புறம். 'முகமது அகமது கான் எதிர் ஷா பானு பேகம், 1985' என்று இந்தியன் கானூன் தளத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். நீளமான தீர்ப்பு இல்லை, ஒரு மாலையில் முடித்துவிடலாம். வழக்கின் பெயரில் முதலில் நிற்பது கணவர் பெயர் என்பதைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்து போனவர் அவர். ஷா பானு மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தோடு நின்றிருக்க வேண்டியவர். 'ஷா பானு உச்ச நீதிமன்றம் வரை போராடினார்' என்று எழுதும் மாணவிக்கு அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவேன். போக வைக்கப்பட்டார் என்பதே சரி.

ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, கேட்டது, விதித்தது, கைக்கு வந்தது. இப்போது தீர்ப்பைப் படித்துக்கொண்டே நிரப்புங்கள். 1932-இல் திருமணம். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். கணவர் வழக்கறிஞர். 1975-இல் வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறார். 1978 ஏப்ரலில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் கேட்டு மனுப் போடுகிறார். கணவரின் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய் என்கிறது மனு. 1978 நவம்பர் 6-ஆம் தேதி கணவர் தலாக் சொல்கிறார். 1979 ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். 1980 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, வழக்குச் செலவாக 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

நிரப்பியாயிற்றா? சரி, இனி பத்திகளுக்குக் குறுக்கே பாருங்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது.

500 ரூபாய் என்பது ஷா பானு மனம்போல் சொன்ன தொகை இல்லை. 125-ஆம் பிரிவில் அன்றைக்கு இருந்த உச்சவரம்பே 500தான். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் யார் கேட்டாலும், எந்த மதத்தவர் கேட்டாலும் அதற்கு மேல் கிடையாது. 2001-இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய் வருமானம் என்று சொல்லப்பட்ட ஒருவரின் மனைவிக்கு மதச்சார்பற்ற சட்டம் கொடுக்க நினைத்த அதிகபட்சம் அவ்வளவுதான். அதிலும் மாஜிஸ்திரேட் கொடுத்தது 25. அந்த 25 ரூபாயை விதித்தது பள்ளிவாசல் ஜமாஅத் இல்லை, அரசு நீதிமன்றம். மதம் ஒடுக்கியது, அரசு மீட்டது என்று கதையை எழுதத் தொடங்கும்முன் இந்த ஒரு வரியை நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்தது தேதி. மனு ஏப்ரலில், தலாக் நவம்பரில். ஜீவனாம்சம் கேட்ட பிறகு வந்த தலாக் அது. 'தலாக் ஆகிவிட்டது, இனி அவர் என் மனைவி இல்லை. இத்தா (விவாகரத்துக்குப் பின் பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும்) காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று, மஹர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடை) 3,000 ரூபாயை நீதிமன்றத்தில் கட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது' என்பது கணவர் தரப்பு வாதம். ஆகத் தலாக் இங்கே மார்க்க விஷயமாக வரவில்லை, வழக்கில் எதிர்வாதமாக வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் 2002-இல் வந்த ஷமீம் ஆரா தீர்ப்பு சட்டென்று புரிந்துவிடும். அதிலும் மனைவி ஜீவனாம்சம் கேட்டுப் போகிறார். எப்போதோ தலாக் சொல்லிவிட்டேன் என்று கணவர் பதில் மனுவில் எழுதுகிறார். அப்படி எழுதிக் கொடுத்தால் மட்டும் தலாக் ஆகிவிடாது, தகுந்த காரணம் வேண்டும், அதற்கு முன் இரு தரப்பும் உட்கார்ந்து சமரசம் பேசியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லி மணத்தை முறிக்கும் முத்தலாக் பற்றி நாடே பேசத் தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்த தீர்ப்பு இது. தெருவில் ஒரு சுவரொட்டிகூட ஒட்டப்படவில்லை.

இப்போது தீர்ப்பை இரண்டாம் முறை வாசியுங்கள், கையில் பென்சிலோடு. பணத்தைப் பற்றிய பத்திகளுக்கு ஓரத்தில் 'ப' என்றும், வேதத்தைப் பற்றியவற்றுக்கு 'வே' என்றும், நாட்டைப் பற்றியவற்றுக்கு 'நா' என்றும் போடுங்கள். தீர்ப்பின் முதல் வரியே வேடிக்கையானது. இந்த மேல்முறையீட்டில் அரசியலமைப்பு சார்ந்த முக்கியமான கேள்வி எதுவும் இல்லை என்று தொடங்குகிறது. அதே முதல் பத்தியில் மனுதர்மத்தின் வாசகம் வருகிறது, பெண் சுதந்திரத்துக்குத் தகுதியற்றவள் என்று. உடனே எட்வர்ட் லேன் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன வசை வருகிறது. இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு முதலாவதை விட்டுவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது.

நடுவில் 'வே' பத்திகள். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 241-ஆம் வசனத்தை நீதிபதிகள் எடுத்துக்கொண்டு, விவாகரத்தான பெண்ணுக்கு நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டிய கடமை கணவனுக்கு உண்டு என்று முடிவுக்கு வருகிறார்கள். கணவர் தரப்போடு நின்ற அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் இதற்குச் சொன்ன பதிலை நிதானமாகப் படியுங்கள். அந்த வசனம் இறையச்சம் மிகுந்தவர்களுக்குச் சொன்னது, பொதுவாக எல்லா முஸ்லிம்களுக்கும் இல்லை என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கென்னவோ வாரியம் அன்றைக்குச் சொன்ன வாதங்களிலேயே பலவீனமானது இதுதான் என்று படுகிறது. ஆனால் அந்த வசனத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் ஐந்து நீதிபதிகளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கேட்டார்களே, அந்தக் கேள்வி பலவீனமானது இல்லை. மதச்சார்பற்ற நீதிமன்றம் ஒன்று வேதத்துக்கு விரிவுரை செய்துதான் சமத்துவத்துக்குப் போக வேண்டுமா? உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்வியில் நிற்கலாம்.

கடைசியில் 'நா'. பொது சிவில் சட்டத்துக்கு அரசு முயல வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு உயிரற்ற எழுத்தாகக் கிடக்கிறது என்ற வருத்தமும், பொது சிவில் சட்டம் தேசிய ஒருமைப்பாட்டுக்கு உதவும் என்ற கருத்தும் அங்கேதான் வருகின்றன. வழக்கைத் தீர்க்க அந்தப் பத்தி தேவையே இல்லை. எடுத்துவிட்டாலும் ஷா பானுவுக்கு அதே 179 ரூபாய் 20 காசுதான். எப்படிச் சொல்கிறேன் என்றால், 1979-இல் பாய் தாஹிரா வழக்கிலும் 1980-இல் ஃபஸ்லுன்பி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கு ஏற்கெனவே ஜீவனாம்சம் கொடுத்திருந்தது. இரண்டையும் எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1985 தீர்ப்பை எதிர்த்து முஸ்லிம் அமைப்புகள் கிளப்பியதைப் போன்ற ஒரு புயல் அப்போது எழவில்லை. 1985-இல் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடையைத் தீர்ப்புக்குள் கொஞ்சமும் வெளியே நிறையவும் தேட வேண்டும். 1986 பிப்ரவரி 1 அன்று பாபர் மசூதியின் பூட்டு திறக்கப்பட்டதும், அதே ஆண்டு மே மாதம் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டம் நிறைவேறியதும் ஒரே அரசியலின் இரு கைகள், ஒன்று இந்துக்களையும் மற்றது முஸ்லிம்களையும் சமாதானப்படுத்த நீண்டது. நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

ஷா பானுவின் கடிதத்தை என்ன செய்வது

1985 நவம்பரில் ஷா பானு கைநாட்டு வைத்து ஒரு பகிரங்கக் கடிதம் விட்டார். ஷரியத்துக்கு எதிரான இந்தத் தீர்ப்பு தனக்கு வேண்டாம் என்றார். ஆய்வேடுகள் தடுக்கி விழும் இடம் இது. ஒரு சாரார் 'மிரட்டி வாங்கினார்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இன்னொரு சாரார் 'பார்த்தீர்களா, அவரே மறுத்துவிட்டார்' என்று அதையே சாட்சியாக்குவார்கள். இரண்டும் வேண்டாம். ஸகியா பதக்கும் ராஜேஸ்வரி சுந்தர் ராஜனும் 1989-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, தேடிப் படியுங்கள். நீதிமன்றம், வாரியம், கட்சிகள், பெண்ணிய அமைப்புகள் என எல்லாரும் ஷா பானுவைக் காப்பாற்றுவதாகவே பேசினார்கள் என்பதை அவர்கள் அலசுகிறார்கள். இதைப் படித்த பிறகு உங்கள் நோட்டில் அந்தக் கடிதத்தைத் தேதியோடு பதியுங்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்ற பத்தி போடாதீர்கள். இதுவரை போட்ட யாரும் அவரைப் பற்றி எழுதவில்லை, தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். 'ராஜீவ் காந்தி முஸ்லிம் பெண்களின் ஜீவனாம்சத்தைப் பறித்துவிட்டார்' என்பது நாம் எல்லாரும் கேட்ட வாசகம். மூன்றாம் பிரிவை எடுத்துக் கையால் எழுதிப் பாருங்கள். இத்தா காலத்துக்குள் நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் செய்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. இத்தா காலத்துக்கு மட்டும் போதுமான தொகையா, இத்தா முடிவதற்குள் அவள் மீதி வாழ்க்கைக்கே கொடுத்து முடிக்க வேண்டிய தொகையா? 1988-லேயே கேரள, குஜராத் உயர் நீதிமன்றங்கள் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டன. ஷா பானுவுக்காக வாதாடிய டேனியல் லத்தீஃபி இந்தச் சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் போனார். 2001 செப்டம்பரில் சட்டம் செல்லும், ஆனால் பொருள் இரண்டாவதுதான் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் தோற்றார், எதற்காகப் போட்டாரோ அது ஜெயித்தது. மாதம் 500 என்ற வரம்பு மற்றப் பெண்களை நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், மொத்தமாக ஒரு பெரிய தொகை கேட்க முடிகிற சட்டமாக இது மாறியிருந்தது. பறித்த சட்டம் என்று கூவியவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கறிஞரும் ஆய்வாளருமான ஃபிளேவியா ஆக்னஸ் விடாமல் சொல்லிவந்தது இதைத்தான்.

நான்காம் பிரிவில் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெண்ணுக்கு உறவினர்கள் கொடுக்க வேண்டும், அவர்களால் முடியாவிட்டால் இஸ்லாமிய அறச்சொத்துகளைக் கவனிக்கும் வக்ஃப் வாரியம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் அந்தப் பெண் முதலில் பிள்ளைகள்மேல் வழக்கு, அப்புறம் பெற்றோர்மேல், அப்புறம் ஒவ்வொரு உறவினர்மேலும் போட்டுத் தோற்றுவிட்டுத்தான் வாரியத்திடம் வர வேண்டுமா? தமிழ்நாடு வக்ஃப் வாரியம் உச்ச நீதிமன்றம் வரை போய் இதைத்தான் வாதிட்டது. எதிரில் சையத் ஃபாத்திமா நாச்சி. 1996-இல் தீர்ப்பு: அலைய வேண்டாம், உறவினர்களால் முடியாது என்று காட்டி ஒரே வழக்கில் வாரியத்திடம் நேராகக் கேட்கலாம். தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் இந்தூரைப் பற்றி முப்பது பக்கம் எழுதிவிட்டு இதற்கு ஓர் அடிக்குறிப்புக்கூடப் போடுவதில்லை.

முத்தலாக்கைச் செல்லாததாக்கிய 2017-இன் ஷாயரா பானு (இவர் வேறொரு பெண்) தீர்ப்பு 395 பக்கம். பயப்பட வேண்டாம். ஐந்து நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு. முதலில் குரியன் ஜோசப் எழுதியதைப் படியுங்கள், சிறியது. முத்தலாக் குர்ஆனுக்கே விரோதம், ஆகவே சட்டத்திலும் நிற்காது என்கிறார், ஷமீம் ஆராவை முன்வைத்து. அடுத்து நாரிமன், லலித். 1937-ஆம் ஆண்டு ஷரியத் சட்டம் இதை அங்கீகரித்திருக்கிறது, எனவே இது சட்டம், எனவே அடிப்படை உரிமைக்கு உட்பட்டது, தன்னிச்சையானது, செல்லாது என்பது அவர்கள் வழி. கெஹரும் அப்துல் நசீரும் மறுபக்கம், தனிநபர் சட்டத்துக்கு மத உரிமையின் காவல் உண்டு என்று. வென்ற மூவரில் ஒருவர் மார்க்க வழியாகவும் இருவர் அரசியலமைப்பு வழியாகவும் ஒரே வாசலுக்கு வந்திருக்கிறார்கள். 'மதச்சார்பின்மை வென்றது' என்று தலைப்புப் போட முடியாது என்பதற்கு இது போதும். இதைத் தொடர்ந்து வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முத்தலாக் சொல்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. நோட்டின் நான்காவது பத்தியோடு அதை ஒட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கிறவர் எதை வைத்துப் பணம் அனுப்புவார்? முத்தலாக்கை எதிர்த்த பெண்கள் அமைப்புகளே சிறைத்தண்டனையில் இரண்டாகப் பிரிந்தன.

தீர்ப்புகளிலிருந்து எழுந்து வெளியே வாருங்கள்

காகிதத்தில் மட்டும் உட்கார்ந்தால் முஸ்லிம் பெண்கள் எல்லாரும் தலாக் சொல்லப்பட்டவர்களாகவே தெரிவார்கள். இதற்கு மருந்து களஆய்வு. சில்வியா வாட்டுக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதியவற்றைப் பாருங்கள். தாங்களே கேட்டு குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) வாங்கி, அதற்காக மஹரை விட்டுக்கொடுத்துப் பிரிகிற பெண்கள் அவர் எழுத்தில் வருகிறார்கள். கேத்தரின் லெமன்ஸ் டெல்லியில் தாருல் கஸாக்களையும் (மார்க்கப்படி குடும்பத் தகராறு தீர்க்கும் மன்றங்கள்) பெண்கள் பஞ்சாயத்துகளையும் பார்த்தவர். காஜியும் அரசு நீதிமன்றமும் எதிரிகள் இல்லை, குடும்பத் தகராறுகளை ஒருவருக்கொருவர் தள்ளியும் பகிர்ந்தும் வேலை செய்கிறார்கள், மதச்சார்பின்மை என்பதே அந்தப் பங்கீட்டில் உருவாகிறது என்பது அவர் வாதம். இது கொஞ்சம் கடினமான வாசிப்பு. ஆனால் மேலே சொன்ன நோட்டுக் கையில் இருந்தால் பிடிபடும். நம் பக்கத்தில், புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் அமைத்ததையும், சென்னையில் வழக்கறிஞர் பதர் சயீத் போட்ட வழக்கில் 2017 ஜனவரியில் காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே களத்துக்குப் போகிறீர்கள் என்றால் கேள்வித்தாளை ஒரு முறை எனக்காகக் கிழித்துப்போடுங்கள். மேலப்பாளையத்தில் என் மாணவி ஒருத்தி திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு மூத்த பெண்ணிடம், 'மார்க்கம் உங்களுக்குச் சமத்துவம் தருகிறதா மாமி?' என்று கேட்டாள். கை நிற்கவில்லை. 'அதெல்லாம் ஆலிம்சாகிட்ட போய்க் கேளும்மா' என்று பதில் வந்தது. அவள் சமயோசிதமாகப் பேச்சை மாற்றி, 'உங்களுக்கு மஹர் எவ்வளவு மாமி?' என்றாள். தட்டு மடியிலிருந்து கீழே இறங்கியது. மஹர் எவ்வளவு எழுதினார்கள், தஃப்தரில் (திருமணப் பதிவேடு) கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் யார் நின்றார்கள், கைக்கூலியாக (வரதட்சணை) போன நகை எத்தனை பவுன், அதில் திரும்பியது எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு கேட்டார்கள் என்று எல்லாம் வந்தது. மஹரையும் கைக்கூலியையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதுங்கள். மணமகன் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம், வாங்கியது மறுபக்கம். மார்க்கம் சொன்னதற்கும் ஊர் செய்ததற்கும் நடுவில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாடும் காட்டாது.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வரட்டும் என்கிறேன். மதச்சார்பின்மை என்றாலே பெண் சமத்துவம் என்று நினைப்பவர்களுக்கு ஜோன் ஸ்காட் என்ற வரலாற்றாசிரியர் நல்ல மருந்து. தேவாலயத்தையும் அரசையும் 1905-இல் சட்டம் போட்டுப் பிரித்த பிரான்ஸ், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1944-இல்.

நோட்டில் கடைசியாக எழுத வேண்டிய வரி 2024 ஜூலை 10. தெலங்கானாவைச் சேர்ந்த அப்துல் சமத் வழக்கு. குடும்ப நீதிமன்றம் மாதம் 20,000 ரூபாய் இடைக்காலமாக விதித்தது, உயர் நீதிமன்றம் 10,000 ஆகக் குறைத்தது, கணவர் உச்ச நீதிமன்றம் போனார். 1986 சட்டம் இருக்கும்போது 125-ஆம் பிரிவில் கேட்க முடியாது என்பது அவர் வாதம். முடியும் என்றார்கள் நீதிபதிகள் நாகரத்னாவும் மாசிஹும். அந்தப் பிரிவு இப்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு, தேடும்போது இரண்டு எண்ணையும் போட்டுத் தேடுங்கள்.

நான்காவது பத்தி, 'கைக்கு வந்தது', பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தீர்ப்புகளில் அதற்குப் பதில் கிடைக்காது. குடும்ப நீதிமன்றத்தில் நிலுவைத் தொகைக்காகப் போடும் மனுக்களைப் பாருங்கள், எத்தனை மாத பாக்கி என்று அதில் எழுதியிருப்பார்கள். வழக்கறிஞரைப் பிடிப்பதைவிட அவருடைய குமாஸ்தாவைப் பிடிப்பது நல்லது. திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்குக் கூட்டம்.